ஊதா நிறத்தில் ஒரு தூங்குமூஞ்சி

பல் டாக்டர் ஊசி போட்டு
வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.
பாதி முகம் என்னுடையதில்லை.
எதிர்ச் சுவரில், கதவகலச் சட்டத்துக்குள்
தித்திவங்சா ஏரிப் பூங்கா.

முதலில் சிரிப்புதான் வந்தது,
அதுவும் பாதி உதட்டில்.
புல் இளஞ்சிவப்பாம்.
வாரத்துக்கு மூன்று நாள்
தோளில் இயந்திரம் மாட்டி அதை வெட்டுகிறவன் நான்.
காலுறை பச்சை, காதுமடல் பச்சை,
மூக்கைச் சிந்தினால் அதுவும் பச்சை.
இந்த அம்மாள், யீ லிங் என்று கையெழுத்து,
ஒரு நாளாவது குனிந்து பார்த்திருப்பாளா?

ஏரிக்கு ஆரஞ்சு.
தூரிகைகூட இல்லை, கத்தியால் அப்பியிருக்கிறாள்
ரொட்டியில் காயா தடவுகிற மாதிரி.
வானம் மாங்காய்த் தோல்.
இரட்டைக் கோபுரம்
யாரோ அவசரத்தில் சாத்திவிட்டுப் போன ஏணி.
ஓடுகிறவர்கள் எல்லாம்
கால் இல்லாத சிவப்புப் பொட்டுகள்.

உள்ளே ஒரு பிள்ளை அலறியது.
மறுபடி படத்தைப் பார்த்தேன்.
பார்க்க வேறு என்ன இருக்கிறது அங்கே.

ஏரி விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.
மழை விட்ட மாலை, ஏழேகால்,
இயந்திரங்களைக் கழுவி லாரியில் ஏற்றும் நேரம்
தண்ணீர் அப்படித்தான் ஆகும், ஐந்து நிமிடம்.
ரோஸ்லான்கூட
சிகரெட்டைப் பற்றவைக்காமல் நிற்பான்.
ஓடுகிறவர்களுக்கும் தூரத்தில் கால் தெரிவதில்லைதான்.
புல்லை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் இடது ஓரத்தில் அது.
தூங்குமூஞ்சி மரம்.
முழுக்க ஊதா.

படகுத் துறைப் பக்கம் நின்றது.
எட்டு வருஷம் அதன் நிழலில்தான் பசியாறினோம்,
நாசி லெமாக், பையில் கட்டின தேத்தண்ணி.
ஒரு நவம்பர் காற்றில் கிளை ஒன்று
மைவி காரின் கூரையில் உட்கார்ந்தது.
யாருக்கும் அடியில்லை.
ஆனாலும் கடிதம் வந்தது: அபாயம், அகற்றவும்.

அகற்றியவர்கள் நாங்கள் ஐந்து பேர்.
முதல் நாள் கிளை, மறுநாள் அடிமரம்,
வேருக்கு மட்டும் தனியாய் ஒரு நாள்.
ரம்பம் இரண்டு முறை சிக்கியது.
சாயங்காலம் மைனாக்கள் வந்தன
வழக்கமான உயரத்தில் இறங்க;
அந்த உயரத்தில் ஒன்றுமில்லை.
லாரியில் கிடந்த கிளைகள்
யாரும் சொல்லாமலே
ஆறு மணிக்கு இலை மூடிக்கொண்டன.
அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டி
படத்தின் மூலையில் ஆண்டைப் பார்த்தேன்.
வெட்டி மூன்று வருஷம் கழித்து வரைந்திருக்கிறாள்.
எதைப் பார்த்து?
ஏரிப் பக்கம் முழங்கையை மடக்கிக்கொண்டு
சாய்ந்திருக்குமே ஒரு கிளை,
அப்படியே இருக்கிறது.
நான் முதலில் ஏறி உட்கார்ந்த கிளை.
நிறம்தான் மறந்துபோயிருக்கும் அவளுக்கு.
இல்லை, வேறு ஏதாவது.
எனக்குத் தெரியவில்லை.

“பரஞ்சோதி!”
விளக்கு. இடுக்கி. வாயைத் திறங்கண்ணே.
சுலபத்தில் வரவில்லை.
“மூணு வேர்” என்று
டாக்டர் தூக்கிக் காட்டினார்,
தான் வளர்த்ததைப் போல.

கவுண்டரில் நூற்றிருபது வெள்ளி.
மீதியை எண்ணித் தந்த பெண்
நான் பார்க்கும் பக்கம் பார்த்து,
“அழகா இருக்குல்ல?
இது எந்த எடம்னு தெரியுதா அங்கிள்?” என்றாள்.
வாய் நிறையப் பஞ்சு.
தலையை ஆட்டினேன்.
ஆமாவா இல்லையா என்று
அவளுக்கு விளங்கவில்லை.

செந்தூல் ரயில் நிலையம் வரைக்கும் நடந்தேன்.
வேண்டாம் வேண்டாம் என்றாலும்
நாக்கு அங்கேயே போய்ப் போய் நின்றது.
நாளைக்கு எனக்கு
படகுத் துறைப் பக்கம் புல்.